வெள்ளிக்கிழமை இரண்டு நிமிடம்

உச்சிப்புளியில் என் ஷெட்டுக்கு வருவதெல்லாம்
விசைப்படகு என்ஜின்கள்.
மீன்கவிச்சி பிடித்த ஆறு சிலிண்டர்கள்,
நோவு வந்தால் ஊரைக் கூட்டிச் சொல்லிவிடும்.
இந்த வண்டி அப்படியில்லை.

கீழக்கரை நூகு மரைக்காயரின் ஜெர்மன் வண்டி.
எட்டு சிலிண்டர், நிமிஷத்துக்கு எட்டாயிரம் சுற்று.
ஓடியதோ நாற்பத்தோராயிரம் கிலோமீட்டர்.
துபாயிலிருந்து வந்த மறுநாள் விடியலில்
அரிச்சல்முனை ரோட்டில் மிதித்திருக்கிறார்.
திரும்புகையில் பாம்பன் பாலத்து ஏற்றத்தில்
அடியிலிருந்து ஒரு தட்டல்,
பூட்டிய அறைக்குள் யாரோ
விரல் மடக்கித் தட்டுவதுபோல.

ஸ்க்ரூடிரைவர் பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன்,
படகுக்காரன் வைத்தியம்.
பிறகு சப்ஃப்ரேமை இறக்கி, சம்ப்பைக் கழற்றினால்
ஆயிலெங்கும் மினுமினுப்பு,
செதிலை அரைத்துக் கரைத்தாற்போல.

பேரிங் பாதியை ஷெல் என்போம்.
சிப்பிதான்.
இரண்டு பாதி, நடுவே கிராங்கின் கழுத்து.
பதினாறையும் செய்தித்தாளில் பரப்பினேன்.
கீழ்ப்பாதிகள் பிறந்த சாம்பல் நிறம்.
மேல்பாதிகளில் சாம்பல் போய்ச் செம்பு தெரிந்தது.
முத்துக்குளித்த ஊர்க்காரர் குனிந்து பார்த்தார்
உள்ளே எதுவுமற்ற சிப்பிகளை.

'உப்புக்காத்து' என்றேன் முதலில்.
இந்தக் கரையில் எது கெட்டாலும்
அதன்மேல் போட்டுவிடுவது சுலபம்.
அவர் பெட்ரோல் பங்கைச் சொன்னார்,
பிறகு ஆயில் மாற்றிய மதுரைக்காரனை.

டயர்மேல் உட்கார்ந்திருந்த சுலைஹா சொன்னாள்:
'நான் வாரம் தவறல.
வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பாங்கு சொன்னதும்
ஸ்டார்ட் பண்ணி ரெண்டு நிமிஷம் விட்டு அணைச்சிருவேன்.
அவுகதான் போன்ல சொன்னாக.
நாலு வருஷமா.'

ரெஞ்சைக் கீழே வைத்தேன்.

நின்ற வண்டியில் ஆயில் அடிக்கு இறங்கிவிடும்.
சாவி திருகிய முதல் நொடிகளில்
உலோகம் உலோகத்தை வெறுமேனியாய்த் தொடும்.
வெளியே நாற்பது டிகிரி கொளுத்தினாலும்
என்ஜினுக்கு அது குளிர்தான்.
சூடேறுமுன் அணைத்தால்
எரியாத பெட்ரோல் கசிந்து ஆயிலை நீர்க்கடிக்கும்.
ஏறக்குறைய இருநூறு வெள்ளி
எழுப்பி, எழுந்து உட்காருமுன் படுக்கவைத்தது.
அதற்குமேல் வருஷத்துக்கொரு விடியலில்
ஆறிக்கிடக்கும்போதே ஒரு மிதி.

கடற்படை ஹெலிகாப்டர் ஒன்று
கூரைத் தகரத்தை அதிரவைத்துப் போனது.
'கெட்டுறக் கூடாதுன்னுதானே செஞ்சேன்'
என்றாள், அவரைப் பார்க்காமல்.

கிராங்க் தப்பித்திருந்தது.
மைக்ரோமீட்டரில் மூன்று தரம் அளந்தேன்.
புது ஷெல், புது போல்ட்.
பழைய போல்ட்டுகள் பார்வைக்கு நல்லாத்தான் இருந்தன;
ஒருமுறை இழுபட்டு நீண்டவை
மறுமுறை பிடிக்காது.
மெழுகுநூலை வைத்து இறுக்கித் திறந்தேன்.
நசுங்கிய அகலம்தான் இடைவெளியின் கணக்கு.
தலைமுடியைவிட மெல்லிசு.
அவ்வளவு இடம் வேண்டும், அதற்குமேல் ஆகாது.
அதில்தான் ஆயில் நிற்கும்,
ஆயிலில் கிராங்க் மிதக்கும்.
வள்ளம் மாதிரிதான் அதுவும்.

'இனி என்ன செய்யணும்?' அவள்தான் கேட்டாள்.
'பேட்டரி வயரைக் கழட்டிட்டுத் தொடாம விடுங்க.
இல்ல, ஆயில் முள்ளு ஏறுற வரைக்கும் மெதுவா ஓட்டி
அப்புறம் அரைமணி நேரம் நல்லா ஓட்டுங்க.'
'அவளுக்கு லைசென்ஸ்...' என்று இழுத்தார் நூகு.
'இருக்கு' என்றாள்.

அவர் பயணம் போய் ஏழு வாரம்.
நேற்று வாட்ஸ்அப்பில் கேட்டார், வண்டி எப்படியென்று.
ஓடுகிறது என்று மட்டும் அனுப்பினேன்.

வெள்ளி அந்தியில்
லேலண்டு என்ஜினுக்குள் தலையை விட்டிருந்தாலும்
மண்டபம் நோக்கிப் போகும் அந்தச் சத்தம் தெரியும்.
கடைத்தெரு தாண்டும்வரை நிதானம்.
அப்புறம் மூவாயிரம், ஐயாயிரம், ஏழு
ஸ்பேனரை நிறுத்திக் கேட்கிறேன்.
தட்டல் இல்லை.